புத்தகப் பீரோவின் சாவி யாரிடம்?

சர்க்கார் பள்ளிக்கூடம் ஒன்றுக்குப் போய்ப் பாருங்கள். தலைமை ஆசிரியர் அறையில் ஓர் இரும்புப் பீரோ நிற்கும். அதற்குள் கதைப் புத்தகம் இருக்கும். படப் புத்தகம் இருக்கும். யானையைப் பற்றியும் நிலாவைப் பற்றியும் சொல்லும் புத்தகங்கள் இருக்கும். பீரோ பூட்டி இருக்கும்.

"புத்தகம் இருக்கிறதா?" என்று கேட்டால், "இருக்கிறது" என்று பதில் வரும். அது பொய் இல்லை. பதிவேட்டில் எண்ணிக்கை சரியாகவே இருக்கும்.

"பிள்ளைகள் படிக்கிறார்களா?" என்று கேளுங்கள். அப்போதுதான் பதில் தடுமாறும்.

எல்லாப் பள்ளிக்கூடங்களும் இப்படி இல்லை. மரத்தடியில் பாய் விரித்து, கயிறு கட்டி, அதில் புத்தகங்களைத் தொங்கவிட்டுப் பிள்ளைகளைப் படிக்க வைக்கும் ஆசிரியர்கள் உண்டு. அவர்களைக் கையெடுத்துக் கும்பிடலாம். ஆனால் நல்ல ஆசிரியர் வந்தால் பீரோ திறக்கும், அவர் மாற்றலாகிப் போனால் மூடிக்கொள்ளும் என்றால், அது பிள்ளைகளின் அதிர்ஷ்டம். அதிர்ஷ்டத்தை நம்பிப் பள்ளிக்கூடம் நடத்தலாமா?

பூட்டு ஏன்?

ஆசிரியர் கெட்ட எண்ணத்தில் பூட்டுவது இல்லை. பயத்தில் பூட்டுகிறார்.

பீரோவில் உள்ள ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஓர் எண் உண்டு. அந்த எண் பதிவேட்டில் ஏறி இருக்கும். தணிக்கைக்கு அதிகாரி வருவார். எண்ணிப் பார்ப்பார். ஒரு புத்தகம் குறைந்தால், "எங்கே?" என்று கேட்பார். பிள்ளை வீட்டுக்கு எடுத்துப் போனான், தம்பி கிழித்துவிட்டான் என்று சொன்னால் கணக்கு ஒப்புமா? ஒப்பாது. பொறுப்பு ஆசிரியர் தலையில் விழும்.

ஆகவே ஆசிரியர் பூட்டி வைக்கிறார். புத்தகம் புதிதாகவே இருக்கிறது. பிள்ளை ஒரு புத்தகமும் படிக்காமல் வளர்ந்துவிடுகிறது. கிழிந்த புத்தகத்துக்குக் கணக்குக் கேட்கிறார்கள். படிக்காத பிள்ளைக்கு யார் கணக்குக் கேட்பது?

இன்னொரு காரணமும் உண்டு. பெரும்பாலான சர்க்கார் பள்ளிகளில் நூல் நிலையத்துக்கென்று தனி ஆள் கிடையாது. தமிழ் ஆசிரியரோ, உடற்பயிற்சி ஆசிரியரோ அதைக் கூடுதல் வேலையாகப் பார்க்கிறார். வகுப்பு எடுக்க வேண்டும். விடைத்தாள் திருத்த வேண்டும். விவரங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். இத்தனைக்கும் பிறகு, எந்தப் பிள்ளைக்கு எந்தப் புத்தகம் பொருந்தும் என்று பார்க்க அவருக்கு நேரம் ஏது?

சோறு ஜெயித்தது எப்படி?

பள்ளிக்கூடத்தில் ஜெயித்த திட்டம் ஒன்றைப் பார்ப்போம். அது சோற்றுத் திட்டம்.

1956-ல் காமராஜர் முதல் மந்திரியாக இருந்தபோது பகல் உணவுத் திட்டம் வந்தது. 1982-ல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவுத் திட்டமாக விரிவாக்கினார். 2022 செப்டம்பரில் காலைச் சிற்றுண்டித் திட்டமும் தொடங்கியது.

இந்தத் திட்டம் ஏன் நிலைத்தது? அரிசி மூட்டையை மட்டும் பள்ளிக்கூடத்தில் இறக்கி வைத்துவிட்டுப் போகவில்லை. சமைக்க ஆள் போட்டார்கள். பரிமாற ஆள் போட்டார்கள். அடுப்பும் பாத்திரமும் கொடுத்தார்கள். ஒரு பிள்ளைக்கு எவ்வளவு அரிசி, எவ்வளவு பருப்பு என்று அளவு வைத்தார்கள். மணி அடித்தால் சோறு வரும் என்று நேரம் வைத்தார்கள்.

புத்தகத்துக்கு என்ன செய்தார்கள்? மூட்டையை மட்டும் இறக்கினார்கள். சமையல்காரர் இல்லாத சமையல் கூடத்தில் அரிசி இருந்து என்ன பயன்? நூலகர் இல்லாத பள்ளியில் புத்தகம் இருந்து என்ன பயன்?

சீர்காழிக்காரர் சொன்னது

இதைத் தமிழ்நாட்டுக்காரர் ஒருவர் 1931-லேயே சொல்லிவிட்டார். அவர் பெயர் எஸ்.ஆர்.ரங்கநாதன். 1892-ல் சீர்காழியில் பிறந்தவர். கணக்கு ஆசிரியர். 1924-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகர் ஆனார். முதலில் அந்த வேலை அவருக்குப் பிடிக்கவே இல்லை. மறுபடியும் கணக்குச் சொல்லிக் கொடுக்கவே போய்விடுகிறேன் என்றார். பிறகு லண்டனுக்குப் போய் நூலகப் படிப்புப் படித்தார். அங்கே நூல் நிலையங்கள் மக்களோடு ஒன்றாக இருப்பதைப் பார்த்தார். மனம் மாறியது. திரும்பி வந்து, வாசகர் தாமே தட்டில் இருந்து புத்தகத்தை எடுத்துப் பார்க்கலாம் என்ற ஏற்பாட்டைக் கொண்டு வந்தார்.

1931-ல் அவர் நூலகத்துக்கு ஐந்து விதிகள் எழுதினார். உலகமே அவற்றை ஏற்றுக்கொண்டது. அவற்றின் பொருள் இதுதான்:

புத்தகம் பயன்படுவதற்கே.

ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கு உரிய புத்தகம் உண்டு.

ஒவ்வொரு புத்தகத்துக்கும் அதற்கு உரிய வாசகர் உண்டு.

வாசகரின் நேரத்தை வீணாக்கக்கூடாது.

நூல் நிலையம் வளர்ந்துகொண்டே இருக்க வேண்டும்.

பூட்டிய பீரோ இந்த ஐந்தையும் மீறுகிறது. உலகத்துக்கு விதி எழுதியவர் பிறந்த நாட்டில், அவருடைய முதல் விதியே நடக்கவில்லை!

மாட்டு வண்டியில் வந்தது

அதே 1931-ம் ஆண்டு அக்டோபரில் மன்னார்குடியை அடுத்த மேலவாசலில் ஓர் அதிசயம் நடந்தது. மாட்டு வண்டியில் ஒரு நூல் நிலையம் புறப்பட்டது. ஓய்வு பெற்ற என்ஜினீயர் கனகசபைப் பிள்ளை அந்த வண்டியை அமைத்தார். ரங்கநாதன் அதைத் தொடங்கி வைத்தார். கிராமம் கிராமமாக வண்டி போயிற்று.

அப்போது தார் ரோடு குறைவு. மின்சாரம் அரிது. படித்தவர்களும் குறைவு. ஆனாலும் புத்தகம் ஊரைத் தேடிப் போயிற்று. இன்று ஊருக்கு ஊர் பஸ் போகிறது. வீட்டுக்கு வீடு செல்போன் இருக்கிறது. ஆனால் தலைமை ஆசிரியர் அறையில் இருந்து ஐந்தாம் வகுப்புக்குப் புத்தகம் போகவில்லை. இருபது அடி தூரம்!

சட்டமும் இருக்கிறது

சட்டம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. சுதந்திர இந்தியாவில் முதல் நூலகச் சட்டம் சென்னை ராஜ்யத்தில்தான் வந்தது. அது 1948-ல். வீட்டு வரியோடு சேர்த்து நூலக வரி வசூலிக்க அந்தச் சட்டம் வழி செய்தது. இன்று சொத்து வரியில் ஒரு ரூபாய்க்கு 10 காசு நூலக வரி. வீடு வைத்திருக்கும் ஒவ்வொருவரும் நூல் நிலையத்துக்குப் பணம் கொடுக்கிறார்கள். பலருக்கு அது தெரியாது.

2009-ல் வந்த கட்டாயக் கல்விச் சட்டமும் தெளிவாகச் சொல்கிறது. ஒவ்வொரு பள்ளியிலும் நூல் நிலையம் இருக்க வேண்டும். அங்கே பத்திரிகை, வார மாத இதழ்கள், கதைப் புத்தகங்கள் இருக்க வேண்டும். இது சலுகை அல்ல. பிள்ளையின் உரிமை.

முயற்சியும் நடக்காமல் இல்லை. 2022-ல் பிள்ளைகளுக்காக "ஊஞ்சல்", "தேன்சிட்டு" என்ற இதழ்களைச் சர்க்கார் தொடங்கியது. 2023-ல் வாசிப்பு இயக்கம் வந்தது. எழுத்துக் கூட்டிப் படிக்கும் பிள்ளை முதல் வேகமாகப் படிக்கும் பிள்ளை வரை, "நுழை, நட, ஓடு, பற" என்று நான்கு படிகளில் சின்னச் சின்னப் புத்தகங்களை அச்சிட்டுக் கொடுத்தார்கள். நல்ல காரியம். சென்னையில் 2010-ல் அண்ணா நூற்றாண்டு நூலகமும், மதுரையில் 2023-ல் கலைஞர் நூற்றாண்டு நூலகமும் திறந்தார்கள். அவையும் பெருமைதான்.

ஆனால் பெரிய நூலகம் பட்டணத்தில் இருக்கிறது. பிள்ளை கிராமத்தில் இருக்கிறது. இதழ் பள்ளிக்கு வருகிறது. அதைப் பிரித்துப் பிள்ளை கையில் கொடுக்கும் ஆள் இல்லை.

ஒரு பொய்யின் விலை

"இந்தக் காலத்தில் புத்தகம் எதற்கு? எல்லாம் செல்போனில் இருக்கிறதே!" என்று சிலர் கேட்பார்கள்.

செல்போனில் எல்லாம் இருக்கிறது. உண்மையும் இருக்கிறது. பொய்யும் இருக்கிறது. எது உண்மை, எது பொய் என்று பிரித்துச் சொல்ல செல்போனுக்குத் தெரியாது.

2018 மே மாதம் நடந்ததை நினைத்துப் பாருங்கள். பிள்ளை பிடிக்கும் கூட்டம் வந்திருக்கிறது என்று வாட்ஸ்அப்பில் வதந்தி பரவியது. சென்னையைச் சேர்ந்த 65 வயது மூதாட்டி ஒருவர் உறவினர்களோடு காரில் புறப்பட்டார். திருவண்ணாமலை மாவட்டத்தில் குலதெய்வக் கோயிலுக்குப் போவதற்காக. போளூர் அருகே ஒரு கிராமத்தில் வண்டி நின்றது. அங்கே இருந்த குழந்தைகளுக்கு அந்த அம்மாள் மிட்டாய் கொடுத்தார். அவ்வளவுதான். "பிள்ளை பிடிக்கிறவள்!" என்று கூச்சல் எழுந்தது. கூட்டம் கூடியது. அடித்தே கொன்றுவிட்டார்கள். கூடப் போனவர்களும் படுகாயம் அடைந்தார்கள்.

அடித்தவர்களில் பலர் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் அல்ல. செல்போனில் வந்ததைப் படிக்கத் தெரிந்தவர்கள்தான். படித்ததை நிறுத்தி யோசிக்கத் தெரியவில்லை. "இதை யார் சொன்னது? எங்கே நடந்தது? எப்போது நடந்தது?" என்று மூன்று கேள்வி கேட்டிருந்தால் ஓர் உயிர் பிழைத்திருக்கும்.

2017-ல் தட்டம்மை, ரூபெல்லா தடுப்பூசி போட்டபோதும் இதே கதை. ஊசி போட்டால் ஆபத்து என்று வதந்தி பரவியது. பெற்றோர் பலர் பயந்து பிள்ளைகளைப் பள்ளிக்கே அனுப்பவில்லை.

கண்ணூர் காட்டிய வழி

பக்கத்துக் கேரளத்தில் கண்ணூர் மாவட்டம் இருக்கிறது. அங்கேயும் ஊசி வதந்தி பரவியது. அந்த மாவட்டக் கலெக்டர் அதோடு விடவில்லை. 2018-ல் சுமார் 150 சர்க்கார் பள்ளிகளில் ஒரு புதிய பாடம் நடத்தச் செய்தார். பொய்ச் செய்தியைக் கண்டுபிடிப்பது எப்படி? படத்தை ஒட்டு வேலை செய்திருக்கிறார்களா என்று பார்ப்பது எப்படி? ஒரு செய்தியை மற்றவருக்கு அனுப்பும் முன் என்ன செய்ய வேண்டும்? இவற்றைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள்.

இந்தப் பாடத்தை நடத்த ஏற்ற இடம் எது? நூல் நிலையம்தான். ஒரு வதந்தியை எடுத்துக்கொண்டு, "வாருங்கள், பத்திரிகையில் இருக்கிறதா பார்ப்போம். புத்தகம் என்ன சொல்கிறது பார்ப்போம். கம்ப்யூட்டரில் தேடுவோம்" என்று பிள்ளைகளைப் பழக்க வேண்டும். உயர்நிலைப் பள்ளிகளில் கம்ப்யூட்டர் அறைகள் வந்துவிட்டன. நூல் நிலையம் ஒரு மூலையிலும் கம்ப்யூட்டர் இன்னொரு மூலையிலும் இருப்பதால் லாபம் இல்லை. இரண்டும் ஒன்று சேர வேண்டும்.

"பரீட்சை கெட்டுவிடாதா?"

பெற்றோருக்கு இந்தக் கவலை உண்டு. கதைப் புத்தகம் படித்தால் மார்க் குறைந்துவிடுமோ என்று நினைக்கிறார்கள்.

குறையாது. அமெரிக்காவில் கொலராடோ மாநிலத்தில் இதை ஆராய்ந்தார்கள். 1993-ல் முடிவு வெளிவந்தது. எந்தப் பள்ளியில் நூல் நிலையத்துக்குப் போதுமான புத்தகமும் தகுந்த ஆளும் இருந்தார்களோ, அந்தப் பள்ளிப் பிள்ளைகள் படிப்புத் தேர்வில் அதிக மார்க் வாங்கினார்கள். பணக்காரப் பிள்ளைகள் என்பதால் வாங்கினார்களோ என்ற சந்தேகம் வரும். ஏழ்மையைக் கணக்கில் எடுத்துப் பார்த்த பிறகும் அதே முடிவுதான் வந்தது.

அமெரிக்கா வரை போக வேண்டாம். சாதாரணமாக யோசித்துப் பாருங்கள். கணக்குப் பரீட்சையில்கூட முதலில் கேள்வியைப் படித்துப் புரிந்துகொள்ள வேண்டும். படித்துப் பழகிய பிள்ளைக்குக் கேள்வி புரியும். பழகாத பிள்ளைக்குக் கேள்வியே கணக்காக நிற்கும்.

வசதியான வீட்டுப் பிள்ளைக்கு அப்பா புத்தகம் வாங்கித் தருவார். கூலி வேலை செய்கிறவர் வீட்டுப் பிள்ளைக்கு யார் வாங்கித் தருவது? அந்தப் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம்தான் புத்தகக் கடை. அங்கேயும் பூட்டு என்றால் அது எங்கே போகும்?

செலவுக்கு என்ன வழி?

"எல்லாம் சரி. பணம்?" என்ற கேள்வி வரும். நியாயமான கேள்விதான்.

2018-ல் வந்த சமக்ர சிக்ஷா என்ற மத்திய சர்க்கார் திட்டத்தில், பள்ளிக்குத் தக்கபடி ஆண்டுக்கு 5,000 ரூபாய் முதல் 20,000 ரூபாய் வரை நூலகத்துக்கு ஒதுக்க வகை செய்தார்கள். ஆனால் 2024-ல் மத்திய சர்க்காருக்கும் மாநில சர்க்காருக்கும் தகராறு வந்தது. அந்தத் திட்டப் பணமே தமிழ்நாட்டுக்கு வராமல் நின்றது. யானைகள் மோதிக்கொண்டால் மிதிபடுவது புல்தான். ஆகவே டில்லியை மட்டும் நம்பி இருக்கக்கூடாது.

உள்ளூரிலேயே வழி இருக்கிறது. தமிழ்நாட்டில் பொது நூல் நிலையங்கள் 4,500-க்கு மேல் இருக்கின்றன. நூலக வரி வாங்கும் நூல் நிலையங்கள் அவை. ஒரே தெருவில் பள்ளியும் இருக்கும். நூல் நிலையமும் இருக்கும். பள்ளி ஓர் இலாகா. நூல் நிலையம் இன்னோர் இலாகா. இரண்டும் பேசிக்கொள்வது இல்லை! ஒரு மாவட்டத்தில் பள்ளிக்கூடங்களைப் பார்க்கும் அதிகாரியும் நூல் நிலையங்களைப் பார்க்கும் அதிகாரியும் மாதம் ஒரு முறை ஒரே மேஜையில் உட்கார்ந்தால் பாதி வேலை முடிந்துவிடும்.

என்ன செய்ய வேண்டும்?

முதலாவது: ஆள் வேண்டும். பெரிய பள்ளிகளுக்குத் தனி நூலகர் போட வேண்டும். சிறிய பள்ளிகளுக்கு, ஐந்து பள்ளிக்கு ஒருவர் போதும். வாரத்தில் பள்ளி நாள் ஐந்து. நாளுக்கு ஒரு பள்ளி. நூலகப் படிப்புப் படித்துவிட்டு வேலைக்குக் காத்திருக்கும் வாலிபர்களும் பெண்களும் இருக்கிறார்கள்.

இரண்டாவது: புத்தகம் சுற்ற வேண்டும். ஐந்து பள்ளிக்கு ஐந்து டிரங்குப் பெட்டி. பெட்டிக்கு நூறு புத்தகம். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை பெட்டியை மாற்ற வேண்டும். பத்து மாதத்தில் ஒவ்வொரு பள்ளிப் பிள்ளையும் 500 புத்தகத்தைப் பார்த்துவிடும். செலவு ஒரு பள்ளிக்கு 100 புத்தகம்தான்!

மூன்றாவது: பயத்தைப் போக்க வேண்டும். நூறு புத்தகத்தில் ஐந்து புத்தகம் ஆண்டுதோறும் கிழியலாம், தொலையலாம், அதற்கு ஆசிரியர் பொறுப்பு இல்லை என்று சர்க்கார் எழுத்தில் உத்தரவு கொடுக்க வேண்டும். தணிக்கைக்கு வரும் அதிகாரி, "எத்தனை புத்தகம் இருக்கிறது?" என்று கேட்கக்கூடாது. "இந்த மாதம் எத்தனை பிள்ளைகள் எடுத்துப் போனார்கள்?" என்று கேட்க வேண்டும். இந்தச் சீர்திருத்தத்துக்குக் காசே வேண்டாம். ஒரு தாள் போதும்.

நான்காவது: நேரம் வேண்டும். கால அட்டவணையில் நூலகப் பாடவேளை என்று எழுதிவிட்டு, அதைக் கணக்கு வகுப்புக்குக் கொடுத்துவிடக்கூடாது. சோற்று மணியை யாரும் திருடுவது இல்லை. புத்தக மணியையும் திருடக்கூடாது.

ஐந்தாவது: மாலையில் தாய்மாருக்கும் கதவு திறக்க வேண்டும். 1991-ல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தது. கல் உடைக்கும் பெண்களும் வயலில் வேலை செய்யும் பெண்களும் எழுத்துக் கற்றார்கள். சைக்கிள் ஓட்டக் கற்றார்கள். ஆனால் கற்ற எழுத்தைத் தொடர்ந்து படிக்காவிட்டால் மறந்துபோகும். சாணை பிடிக்காத அரிவாள் துருப்பிடிக்கும். பெரிய எழுத்துப் புத்தகங்களைப் பிள்ளை வீட்டுக்குக் கொண்டு வரட்டும். அம்மா எழுத்துக் கூட்டிப் படிக்கட்டும். பாட்டி கேட்கட்டும். ஒரு புத்தகம் மூன்று பேருக்கு ஆகும்.

பெற்றோர் கையில்

சர்க்கார் செய்யட்டும் என்று பெற்றோர் சும்மா இருக்க வேண்டியது இல்லை. ஒவ்வொரு சர்க்கார் பள்ளியிலும் பள்ளி மேலாண்மைக் குழு உண்டு. சட்டப்படி அதில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர். பாதிப் பேர் பெண்கள். அடுத்த கூட்டத்துக்குத் தவறாமல் போங்கள். தயங்காமல் கேளுங்கள்: "ஐயா, எங்கள் பிள்ளைக்கு இந்த வாரம் என்ன புத்தகம் கொடுத்தீர்கள்?" சண்டை வேண்டாம். மரியாதையாகக் கேட்டால் போதும். பத்து அம்மாமார் கேட்டால் பீரோ திறக்கும்.

உதவியும் செய்யலாம். 1958-ல் பள்ளிச் சீரமைப்பு இயக்கம் நடந்தது. காமராஜர் முதல் மந்திரி. நெ.து.சுந்தரவடிவேலு கல்வி இயக்குநர். ஊர் மக்களே பள்ளிக்குப் பெஞ்சு கொடுத்தார்கள். கரும்பலகை கொடுத்தார்கள். கட்டடமும் கட்டிக் கொடுத்தார்கள். அன்று பெஞ்சு கொடுத்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று புத்தகம் கொடுக்கலாம். கல்யாணத்துக்கு, காதுகுத்துக்கு, பிறந்த நாளுக்குப் பள்ளிக்கு ஐந்து புத்தகம் கொடுங்கள். ஆனால் ஒன்று. பழைய கைடும் போன வருஷத்து டைரியும் கொண்டுபோய்க் கொட்டாதீர்கள். உங்கள் பிள்ளைக்கு ஆசையாக வாங்கித் தரும் புத்தகத்தையே கொடுங்கள்.

ஆசிரியர்களுக்கும் ஒரு வார்த்தை. உத்தரவு வரும்வரை காத்திருக்க வேண்டாம். எட்டாம் வகுப்பில் பொறுப்பான இரண்டு பிள்ளைகளிடம் ஒரு நோட்டைக் கொடுங்கள். யார் எடுத்தது, எப்போது திருப்பித் தந்தது என்று அவர்களே எழுதுவார்கள். பிள்ளைகளை நம்பினால் பிள்ளைகள் ஏமாற்றுவது இல்லை.

பசித்த பிள்ளைக்குச் சோறு போட்டால்தான் படிப்பு ஏறும் என்று இந்த நாடு 1956-ல் புரிந்துகொண்டது. வயிறு நிறைந்த பிள்ளைக்குப் புத்தகம் கொடுத்தால்தான் அறிவு ஏறும் என்று புரிந்துகொள்ள இன்னும் எத்தனை ஆண்டு வேண்டும்?

கிழிந்த புத்தகத்தை ஒட்டிக்கொள்ளலாம். தொலைந்த புத்தகத்தைத் திரும்ப வாங்கலாம். பத்து வயதில் படிக்கத் தவறிய பிள்ளைக்கு அந்தப் பத்து வயது திரும்ப வராது.